கூரை உருளும் சத்தம்

வட ஒன்ராறியோவின் மார்கழிக்கு அவசரம் அதிகம். மத்தியானம் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், அதன் ஈரம் காய்கிறதுக்குள் வெளியே இருட்டிவிடும். அருளம்பலத்துக்கு அதில் முறைப்பாடு ஒன்றும் இல்லை. கடதாசி ஆலையின் இரைச்சலுக்குள்ளேயே நரைத்து ஓய்வு பெற்ற மனிதருக்கு, இருட்டும் அமைதியும் இனாமாகக் கிடைக்கிற ஊர். ஒரு கிழமையாய்க் கொட்டிக்கொண்டிருந்த வானம் இன்றைக்குத்தான் வெளித்திருந்தது. போனைக் குசினி மேசையிலேயே விட்டார். அதன் வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகின கண் கெட்டுப்போகும் என்பது அவருடைய சட்டம். காற்சட்டைக்கு மேல் காற்சட்டை, அங்கிக்கு மேல் அங்கி, எல்லாவற்றுக்கும் மேலே, ‘உதோட வெளிக்கிட்டா கரடியெண்டு சுடப்போறாங்கள்’ என்று பக்கத்து வீட்டுச் சபேசன் உயிரோடு இருந்தபோது சிரிக்கிற அந்தப் பெரிய கோட்டு. பின்வளவில் முழங்கால்வரை பனி. கொட்டிலடிக்குப் போய், நீளத் தடியில் பூட்டிய வாரியால் கூரைப் பனியை இழுத்து இழுத்துக் கொட்டினார். கொட்டாமல் கூரையைத் தள்ளினால் பாரத்தில் அதன் சில்லு வளைந்துவிடும். பிறகு தண்டவாளம். நாலு மரச்சுவரின் மேலே, சில்லு வைத்த கூரை இரண்டு இரும்புத் தண்டவாளத்தில் ஓடிப் போய் ஒரு பக்கம் ஒதுங்க வேண்டும். நடுவில் நிற்கிற தொலைநோக்கிக்கு அப்போதுதான் வானம். தண்டவாளத்து ஐஸைச் சுரண்ட ஆணியில் ஒரு தட்டகப்பை தொங்குகிறது. தோசை பிரட்டுகிற தட்டகப்பைதான். உலகத்திலுள்ள ஆயுதங்களை எல்லாம் பரீட்சித்துப் பார்த்து, இதன் விளிம்புதான் அந்த இரும்புக்குச் சரி என்று கண்டுபிடித்தவன் சபேசன். பெண்சாதியின் குசினியிலிருந்து களவெடுத்து வந்தான். இன்றைக்கு என்னவோ இரும்பும் தெரியவில்லை, ஐஸும் தெரியவில்லை. வயது போனால் கண்ணும் போகத்தானே செய்யும் என்று முணுமுணுத்துக்கொண்டு, திரும்ப வீட்டுக்குப் போய் ரோச் லைட்டை எடுத்து வந்து, அதை வாயில் கவ்விக்கொண்டு சுரண்டி முடித்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். முதலில் அசையாமல் அடம்பிடித்தது. பிறகு கடகடவென்று உருண்டது. குளிரில் அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

தலைக்கு மேலே சதுரமாய் வானம் வந்தது. கிழக்கே, சபேசனின் பெண்சாதி யோகமலர் வீட்டுப் பின்கதவு லைட் அணைந்திருந்தது. நல்ல பிள்ளை, காது கூர்மை, என்று நினைத்துக்கொண்டார். இது யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. சபேசன் இருந்த காலத்தில் அவன்தான் அந்த லைட்டை அணைத்துவிட்டு வேலி இடைவெளிக்குள்ளால் வருவான். ஆலையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்தில் வீடு வாங்கி, ஒரு கோடை முழுக்க அடிபட்டுப் பிடிபட்டு இந்தக் கொட்டிலைக் கட்டினவர்கள். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் குளிர்காலத்தில், இவர் தனியே கூரையைத் தள்ளிய அன்று, அந்த லைட் தன்பாட்டில் அணைந்தது. இவர் அப்படியே நின்றுவிட்டார். வேலை முடிந்து கூரையை மூடியபோது அது திரும்ப எரிந்தது. அன்றைக்குத் தொடங்கினது. திறந்தால் அணையும், மூடினால் எரியும். நன்றி என்று இவர் சொன்னதில்லை, பரவாயில்லை என்று அவள் சொன்னதில்லை. கோடையில் வேலியடியில் கண்டால், ‘எப்பிடி தங்கச்சி, சுகமோ’ என்பார், ‘ஓம் அண்ணை, இருக்கிறன்’ என்பாள், அவ்வளவுதான். இவர் கலியாணம் கட்டாத மனிதர். ஏன் கட்டவில்லை என்று கேட்கிறவர்கள் எல்லாம் கேட்டுக் களைத்துவிட்டார்கள். அவள் புருசனை இழந்தவள். பிறகு எப்படிப் போய்க் கதவைத் தட்டுகிறது? அதிலும் இந்தப் பனிக்கு ஒரு பொல்லாத குணம். யார் போனார், எந்தப் பக்கம் போனார், திரும்பி வந்தாரா என்று அடுத்த பனி விழும்வரை காட்டிக்கொண்டே கிடக்கும். யாருக்குக் காட்டும்? இந்த ஊரில் தமிழ்க் கண் மொத்தம் இரண்டு சோடி. ஒன்று அவருடையது, மற்றது அவளுடையது. ஆனாலும் ஊர் என்ன சொல்லும் என்கிற பயம் மட்டும், ஊரை அங்கேயே விட்டுவிட்டு, இவரோடு விமானம் ஏறி வந்திருந்தது. அதனால் சபேசன் போன நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குளிர்காலத்திலும் கால்தடம் கிடையாது. முயல் போகும். சில நேரம் நரி.

தொலைநோக்கியின் மூடியைக் கழற்றினார். அதன் கண்ணாடி வெளிக்குளிருக்கு இறங்கி வரும்வரை ஒன்றையும் நம்பக் கூடாது. அதற்கு முதல் பார்த்தால் நட்சத்திரம் கொதிதண்ணிக்குள் கிடக்கிற மாதிரித் தளம்பும். நாற்காலியில் குந்திக்கொண்டு காத்திருந்தார். கண் வைத்துப் பார்க்கிற சின்ன வில்லை கோட்டுக்குள்ளே, உள்அங்கிப் பையில், நெஞ்சுச் சூட்டில் கிடந்தது. அதை வெளியே வைத்தால் ஒரு மூச்சுப் பட்டாலே போதும், உறைந்து மாவாய்ப் படிந்துவிடும். இந்த விளையாட்டில் மூச்சுத்தான் எதிரி. சபேசனுக்கு அதுதான் பெரிய தண்டனை. அவனுக்குக் கதைக்காமல் இருக்க ஏலாது. வில்லையில் கண்ணை வைத்துக்கொண்டே, ‘அம்பலம், இதென்ன இது, சீனி கொட்டின மாதிரி’ என்பான், சீனி உடனே மறைந்துவிடும், தன் மூச்சாலேயே மறைத்துவிட்டு வானத்தில் முகில் வந்துவிட்டது என்று சாதிப்பான். இப்போது வில்லை உறைகிறதே இல்லை. கதைக்க ஆள் இல்லாத கொட்டிலில் வில்லை ஏன் உறையப் போகிறது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் நல்ல உயரத்துக்கு வந்திருந்தது. வெறுங்கண்ணுக்கே துல்லியமாய், ஒவ்வொன்றாய், எண்ணலாம் போலத் தெரிந்தது. இவ்வளவு நல்ல இருட்டு இந்த வருசம் இன்னும் வாய்க்கவில்லை. கண் போய்விட்டது என்று புலம்பினது சும்மா. கண் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் தண்டவாளம் ஏன் தெரியவில்லை? இவ்வளவு சின்ன நட்சத்திரம் தெரிகிற கண்ணுக்கு, மூக்குக்கு முன்னால் இருந்த இரும்பு ஏன் தெரியவில்லை? சரி, தெரியவில்லை, விடு. குளிர் காலில் தொடங்கியிருந்தது. பெருவிரல் முதலில் குத்தும், பிறகு குத்தாது. குத்தாமல் விடுகிறபோதுதான் கவனிக்க வேண்டும் என்று ஆலையில் ஒரு கிழவன் முதல் குளிர்காலத்திலேயே சொல்லித் தந்தான். பெருவிரலை ஆட்டிப் பார்த்தார். குத்தியது. நல்லது. ரோச் லைட் வாயில் கவ்விய இடத்தில் உதடு இன்னும் எரிந்தது. இதற்கு முதல் எந்தக் குளிர்காலத்தில் ரோச் லைட்டை வாயில் கவ்வினோம்? கவ்வினதே இல்லை. தண்டவாளம் சுரண்டுகிறபோது வெளிச்சம் எப்போதும் இருக்குமே. மஞ்சளாய், வலது தோளுக்கு மேலால் வந்து, தட்டகப்பையின் நிழல் பனியில் நீளமாய் விழுமே.

அது அவளுடைய லைட்.

அருளம்பலம் நாற்காலியில் நிமிர்ந்தார். அந்த லைட் அணைகிறது கூரை உருண்ட பிறகு. சுரண்டுகிறபோது அது எரிந்துகொண்டுதான் இருக்கும், இருக்க வேண்டும். இன்றைக்கு இவர் வாரியைத் தூக்கினபோதே அங்கே இருட்டு. அதை விட்டுவிட்டு, நல்ல பிள்ளை, காது கூர்மை என்று மெச்சிப் புழுகம் வேறு. சரி, மறந்து போயிருப்பாள். மறக்கிற ஆளா? பின்னேரமானால் விளக்கு வைக்கிற மாதிரி அந்த லைட்டைப் போடுகிறவள். சபேசன் இரவு வேலை முடிந்து வருகிற காலத்துப் பழக்கம், அவன் இனி வரமாட்டான் என்று தெரிந்தும் விடவில்லை. அவள் வீட்டுக் குசினியும் முன்னறையும் தெருப் பக்கம். இந்தப் பக்கம் இருக்கிறது பின்கதவும் ஒரு அறையும், அதற்கும் தடித்த திரை. வேறு ஒரு வெளிச்சத்தையும் பார்த்து அறிய வழியில்லை. நேற்று எரிந்ததா? நேற்றுப் பனி கொட்டியது, கூரை திறக்கவில்லை, ஆகையால் பார்க்கவில்லை. முந்தநாள்? அன்றும் திறக்கவில்லை, பார்க்கவில்லை. கூரை திறக்காத நாட்களில் பக்கத்து வீடு ஒன்று இருக்கிறது என்கிற நினைப்பே வந்திருக்கவில்லை. எத்தனையோ கோடி மைலுக்கு அங்காலே ஒரு நட்சத்திரம் கொஞ்சம் மங்கினால் தெரிந்துகொள்ளுகிற மனிதர். வெட்கமாயிருந்தது. ரொறன்ரோவுக்குப் போயிருப்பாள். அதுதான். அங்கேயிருக்கிற மகன் எத்தனை தரம் கூப்பிட்டிருப்பான். தனிய உந்தப் பனிக்குள்ள என்னம்மா செய்யிறியள், வீட்டை விட்டிட்டு வாங்கோ என்று. வந்து ஏற்றிக்கொண்டு போயிருப்பான். சொல்லாமலா? ஏன் சொல்ல வேண்டும்? நீ யார்? உனக்கு ஏன் சொல்ல வேண்டும், என்ன முறைக்குச் சொல்ல வேண்டும்? அவள் உள்ளே வழுக்கி விழுந்து கிடக்கலாம் என்று தோன்றியது அதற்குப் பிறகுதான். பிறகுதான்! மனித மனமா இது, என்று தன்னைத்தானே ஏசினார். ஒருத்தி விழுந்து கிடப்பதைவிட, சொல்லாமல் போய்விட்டாள் என்பது உனக்கு முதல் பயமாய் வருகிறதா? போன் எடுக்கலாம். எடுத்து என்ன சொல்வது, உங்கட லைட் ஏன் எரியேல்லை என்றா? இவ்வளவு காலமும் என் வீட்டையா பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கமாட்டாளா? அதோடு அந்த இலக்கம் போனில் சபேசனின் பெயரில் கிடக்கிறது. சபேசன் என்று வெளிச்சம் விழுந்து, மணி அடித்து, ஒருவரும் எடுக்காவிட்டால்?

கைகள் தம்பாட்டில் வேலை செய்தன. உள்அங்கிப் பையிலிருந்து வில்லையை எடுத்துப் பூட்டி, தொலைநோக்கியைக் கிழக்கே திருப்பி, அவள் வீட்டு முகட்டுக்கு நேர் மேலே இறக்கினார். திருவாதிரை இப்போதுதான் முகட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. வழக்கமாய் அந்தப் பக்கம் பார்க்கிறதே இல்லை. அந்தக் கூரைக்கு மேலே வருகிற எதுவும் உருப்படியாய்த் தெரியாது; வீட்டுச் சூடு புகைபோக்கியால் கிளம்பி, நட்சத்திரத்தைப் போட்டுக் கலக்கிவிடும். ‘உன்ர வீட்டுச் சூட்டால என்ர வானம் கெடுது’ என்று சபேசனோடு சண்டைகூடப் பிடித்திருக்கிறார். ‘அப்ப விறைச்சுச் சாகச் சொல்லுறியோ’ என்று அவன் கேட்டான். இப்போது வில்லையில் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கலங்கு, கலங்கு என்று மனதுக்குள் கெஞ்சினார். கலங்கியது. சிவப்பும் பச்சையுமாய், சட்டிக்குள் போட்ட கடுகு மாதிரித் துள்ளியது. சூடு வருகிறது. வீடு சூடாய் இருக்கிறது. அப்பாடா. வாழ்நாளில் ஒரு நட்சத்திரம் இவ்வளவு கேவலமாய்த் தெரிந்ததும், அதைப் பார்த்து இவ்வளவு சந்தோசப்பட்டதும் இதுதான் முதல் தடவை. ரொறன்ரோவுக்குப் போயிருந்தால் சூட்டைக் குறைத்துவிட்டுத்தான் போயிருப்பாள். சபேசன் பெண்சாதி ஒரு சதத்தை வீணாக்கமாட்டாள். ஆகையால் போகவில்லை. இங்கேதான் இருக்கிறாள். இருக்கிறாள் என்றால் லைட் ஏன் எரியவில்லை? சந்தோசம் அந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. சூடு போடுகிறது மெசின். குளிர்ந்தால் தானே எரியும், சூடேறினால் தானே நிற்கும். அதற்கு ஆள் தேவையில்லை. ஆள் எழும்பி நடக்கிறதா, நிலக்கீழ் அறைப் படியடியில் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. செத்த வீட்டுக்கும் அது சூடு போடும். முதல் பயத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. இனி மற்றது மட்டும்தான் மிச்சம். வில்லையில் திருவாதிரை மெல்ல மெல்ல மங்கி, வெள்ளையாய்ப் பரவி, மறைந்தது. பிடித்து வைத்திருந்த மூச்சு எப்போது வெளியே வந்ததென்று அவருக்கே தெரியவில்லை.

எழும்பினார். தொலைநோக்கியைப் படுக்க வைத்தார். நிமிர்ந்து நின்றால் மூடுகிற கூரை அதன் கழுத்தை முறித்துவிடும். அவசரத்திலும் கை அதை மறக்கவில்லை. பிறகு கூரையைப் பிடித்து இழுத்தார். வருசத்தின் மிக நல்ல இருட்டை, இரவுச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை, மூடினார். கடகடகட. வேண்டுமென்றே வேகமாய் இழுத்தார், சத்தம் பெரிதாய்க் கேட்கட்டும் என்று. டமார் என்று வந்து சுவரில் இடித்தது. கதவடியில் வந்து நின்று கிழக்கே பார்த்தார். மூடிவிட்டேன். கேட்டதா? மூடிவிட்டேன், தங்கச்சி. லைட்டைப் போடுங்கோ. அவள் சமைத்துக்கொண்டிருக்கலாம், கையைத் துடைத்துக்கொண்டு வர நேரம் எடுக்கும். அவளுக்கு முழங்கால் நோவு இருக்கிறது, நேரம் எடுக்கும். பிரார்த்தனை ஒன்றும் தெரியாத மனிதர், ஒரு பல்ப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை இரவு அந்த லைட்டைச் சபித்திருக்கிறார். கல்லெறிந்து உடைக்கலாமா என்றுகூட ஒரு காலத்தில் யோசித்திருக்கிறார். எரியவில்லை. மூக்கு மயிர் விறைத்து ஊசியாய்க் குத்தியது. வேலி இடைவெளிக்கு அப்பால் பனி ஒரு தடமும் இல்லாமல், துவைத்து விரித்த சேலை மாதிரிக் கிடந்தது. மிதித்தால் கெட்டுப்போகும் என்கிற மாதிரி இவ்வளவு காலம் அதைப் பாதுகாத்தது யாருக்காக? மிதித்தார். தொடைவரை புதைந்தது. காலை இழுத்து எடுத்து மற்றக் காலை வைத்தார், அதுவும் புதைந்தது. ஒரு இடத்தில் முகம் குப்புற விழுந்து, சப்பாத்துக்குள் பனி போய், எழும்பி, யோகமலர், யோகமலர் என்று, தங்கச்சி சேர்க்காமல், வெறும் பெயரைச் சொல்லிக்கொண்டு போனார். பின்கதவை இரண்டு கையாலும் அடித்தார்.

உள்ளே ஒரு சத்தம். செருப்பு இழுபடுகிற சத்தம். பூட்டுத் திறந்தது. கம்பளிச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கையில் அகப்பையோடு, யோகமலர் நின்றாள்.

“அண்ணை? என்ன, என்ன நடந்தது? ஏன் இப்பிடி இளைக்குது? நெஞ்சு நோகுதோ?”

“இல்லை...” இவருக்கு வாய் விறைத்திருந்தது. “லைட்.”

“என்னது?”

“உங்கட லைட். எரியேல்லை.”

அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்த லைட்டை அண்ணாந்து பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். கோட்டு, தாடி, புருவம் எல்லாம் வெள்ளை.

“பல்ப் பியூஸ் போயிட்டுது, அண்ணை. புதன்கிழமை போனது. புதுப் பல்ப் வாங்கி வைச்சிருக்கிறன், கதிரையில ஏறத்தான் ஏலாது, முழங்கால் விடுகுதில்லை. மகனிட்டச் சொன்னனான், நத்தார் லீவுக்கு வரேக்குள்ள மாத்துறன் எண்டவன்.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாமே.”

“ஒரு பல்ப்புக்கு உங்களைக் கூப்பிடுறதே?” என்றாள். பிறகு அகப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நீங்களாக் காணுவியள் எண்டும் இருந்தன். நீங்கள்தானே எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருக்கிற ஆள்.”

புதன்கிழமையிலிருந்து ஒருத்தி இருட்டுக்குள் இருந்துகொண்டு, யாராவது காண்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இண்டைக்குக் கூரை திறந்த சத்தம் கேட்டுது,” என்றாள். “பழக்கத்தில ஓடிப்போய் சுவிச்சை அமத்தினன். பிறகுதான் யோசிச்சன், எரியாத லைட்டை என்னெண்டு அணைக்கிறது எண்டு. இப்ப மூடின சத்தமும் கேட்டுது. ஏன் இவ்வளவு வெள்ளண மூடுறார், சுகமில்லையோ எண்டு நினைச்சுக்கொண்டு, திரும்பவும் போய்ப் போட்டன்.”

“போட்டனீங்களோ?”

“ஓம், போட்டனான். சுவிச் இப்பவும் போட்டபடிதான் கிடக்கு.”

அருளம்பலத்துக்குக் கண் எரிந்தது. குளிர் என்று வைத்துக்கொள்ளலாம். கன்னத்தில் இறங்கினது தாடிக்கு வந்து உறைந்தது. “பல்ப் எங்க?” என்றார்.

“உள்ளுக்கு வாங்கோ முதல்ல.”

“காலெல்லாம் ஸ்னோ, பிள்ளை.”

“ஸ்னோதானே. உருகும். வாங்கோ.”

கதிரையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். அவள் அதன் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவர் ஏறிப் பழைய பல்ப்பைக் கழற்றித் தந்து, புதியதை வாங்கிப் பூட்டினார். சுவிச் போட்டபடியே இருந்ததால் கையிலேயே எரிந்தது. இருட்டுக்குப் பழகின கண் கூசி, உலகம் முழுக்க மஞ்சளாய்ப் போய், இறங்க அடி தெரியவில்லை. அவள் முழங்கையைப் பிடித்து இறக்கினாள். இரண்டு பேரும் வாசலில் நின்று வெளியே பார்த்தார்கள். கார்த்திகைக் கூட்டமும் இல்லை, திருவாதிரையும் இல்லை. வேலி இடைவெளியிலிருந்து வாசல்படி வரைக்கும், நடுவில் ஒரு ஆள் விழுந்த பெரிய பள்ளத்தோடு, தடம் மட்டும் தெரிந்தது.

“உங்கட வானம் போயிட்டுதே, அண்ணை,” என்றாள்.

“போகட்டும்.”

“என்ர தட்டகப்பை இன்னும் அங்கதானே கிடக்கு? அவர் கொண்டு போனது.”

“கிடக்கு. தரவோ?”

“வேண்டாம். இருக்கட்டும்.” கதிரையை உள்ளே இழுத்துக்கொண்டே சொன்னாள்: “இனி மூடினாப் பிறகு லைட்டைப் போட்டனெண்டால், வாங்கோ. தேத்தண்ணி இருக்கும்.”

அன்றைக்கும் தேத்தண்ணி இருந்தது, அடுப்பில் இருந்த சொதியும் இடியப்பமும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டபோது அவள் லைட்டை அணைக்கவில்லை. வந்த தடத்திலேயே காலை வைத்துப் போனால் நடை சுகம். புதைகிற வேலை இல்லை. பார்க்கிறவர்களுக்கும் ஒரு தடம்தான் தெரியும். அருளம்பலம் வாசல்படியில் நின்று கொஞ்ச நேரம் அந்தத் தடத்தைப் பார்த்தார். பிறகு அதற்குப் பக்கத்தில், புதுப் பனிக்குள் காலை வைத்தார்.